வில்லியம் ஆக்வொர்த்

சர் வில்லியம் மிட்செல் ஆக்வொர்த் (நவம்பர் 22, 1850 – ஏப்ரல் 2, 1925) இங்கிலாந்தைச் சேர்ந்த இரயில்வே பொருளியல் அறிஞர் ஆவார். இந்திய இரயில்வேயின் நிர்வாகத்தையும் நிதி முறையையும் ஆராய்வதற்காக 1920 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழுவின் தலைவராக இவர் இந்தியாவில் அறியப்படுகிறார். அக்குழு இவர் பெயராலேயே ஆக்வொர்த் குழு எனப்படுகிறது. இரயில்வேக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டம் 1924 இல் பிரிக்கப்பட்டதற்கும், தேய்ந்து போகும் தண்டவாளங்கள், சிலிப்பர் கட்டைகள், பாலங்கள் முதலியவற்றை மாற்றுவதற்கெனத் தேய்மான நிதி ஒன்று தொடங்கப்பட்டதற்கும் இக்குழுவின் அறிக்கையே அடிப்படையாக அமைந்தது.

போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் ஆக்வொர்த் குழு என்ற பெயரையும் ஓர் ஆண்டையும் மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கேள்வி இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஓர் இருப்புப்பாதையை நல்ல நிலையில் வைத்திருக்க எவ்வளவு செலவாகும், அச்செலவை எந்த அளவுகோலால் அளப்பது, செலவழிக்காமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதே அக்கேள்வி.

இளமையும் கல்வியும்

ஆக்வொர்த் இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் மாவட்டத்தில் உள்ள ரோத்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதகுரு. அப்பிங்கம் பள்ளியிலும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் கல்வி பயின்றார். படிப்பு முடிந்தபின் 1870களின் நடுப்பகுதியில் பிரசிய அரச குடும்பத்து இளவரசர்களுக்கு ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றினார். அவ்விளவரசர்களுள் மூத்தவரே பின்னாளில் செருமனியின் பேரரசராகி முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஆட்சியில் இருந்த இரண்டாம் வில்லியம்.

செருமனியிலிருந்து திரும்பிய ஆக்வொர்த் 1875 முதல் 1885 வரை இலண்டனில் உள்ள டல்விச் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். 1889 இல் புதிதாகத் தோற்றுவிக்கப்பட்ட இலண்டன் மாவட்ட மன்றத்தில் உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்தார். இவர் பொறியியல் படித்தவரல்லர். இரயில்வே நிறுவனம் எதிலும் கீழ்நிலையிலிருந்து பணிபுரிந்து உயர்ந்தவரும் அல்லர். வெளியிலிருந்து பார்த்தும், கேட்டும், கணக்கேடுகளைப் படித்துமே இத்துறையைக் கற்றுக்கொண்டார்.

நூல்கள்

1889 இல் இங்கிலாந்தின் இரயில்வேக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அடுத்த ஆண்டே இசுக்காட்லாந்தின் இரயில்வேக்களைப் பற்றிய நூலும், 1891 இல் இரயில்வேக்களுக்கும் வணிகர்களுக்கும் இடையே நிலவிய கட்டணத் தகராறுகளைப் பற்றிய நூலும் வெளியாயின. 1895 இல் தொடங்கப்பட்ட இலண்டன் பொருளியல் பள்ளியில் அதன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே இரயில்வே பொருளியலைக் கற்பித்தார். அவ்விரிவுரைகளின் சாரமாக 1905 இல் இரயில்வே பொருளியலின் அடிப்படைகள் என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அளவில் சிறியதாயினும் பல்லாண்டுகள் பாடநூலாகப் பயன்பட்டது இந்நூலே.

இருப்புப்பாதைப் பராமரிப்புச் செலவு

ஒரு நெசவாலையில் உற்பத்தி இரண்டு மடங்கானால் பஞ்சுச் செலவும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரயில்வேயில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆக்வொர்த்தும் அவர் தலைமுறையைச் சேர்ந்த பொருளியலாளர்களும் மாணவர்களுக்கு முதலில் கற்பித்த பாடம் இது. இதை விளக்குவதற்கு இருப்புப்பாதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தண்டவாளத்தின் தலைப்பகுதி வண்டிச் சக்கரங்களால் தேய்கிறது. ஆகவே அச்செலவு போக்குவரத்தோடு கூடும். ஆனால் மரத்தாலான சிலிப்பர் கட்டை மழையிலும் வெயிலிலும் உளுத்துப் போகிறது. நம் நாட்டில் கறையானும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பாதையில் நாளொன்றுக்கு இரண்டு வண்டி ஓடினாலும் இருபது வண்டி ஓடினாலும் கட்டை உளுப்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மண்கரை மழையில் கரைகிறது, வாய்க்கால் தூர்ந்து போகிறது, சல்லிக்கற்களுக்கிடையே புல் முளைக்கிறது. இவையும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. பாதையைத் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்த சாவிகளை இறுக்கிச் செல்லும் கீமேனின் ஊதியமும் அப்படியே.

ஆகவே பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி காலத்தைச் சார்ந்தது, மறு பகுதி சுமையைச் சார்ந்தது. போக்குவரத்து பெருகும்போது முதற்பகுதி பலவற்றின் மேல் பகிரப்படுவதால் ஒரு டன் சரக்கின் தலையில் விழும் பங்கு குறைகிறது. போக்குவரத்து குறையும்போது செலவு அதே அளவு குறைவதில்லை. பஞ்ச காலத்திலோ வணிக மந்தத்திலோ வருமானம் சுருங்கும்போது இரயில்வே நிருவாகம் நெருக்கடிக்கு உள்ளாவது இதனால்தான். அந்நேரத்தில் கையில் கிடைக்கும் ஒரே எளிய வழி, இவ்வாண்டு மாற்ற வேண்டிய தண்டவாளத்தை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது. இந்த வழியின் ஆபத்தை ஆக்வொர்த் பின்னாளில் இந்தியாவில் நேரில் கண்டார்.

டன்-மைல் விவாதம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இரயில்வே நிறுவனங்கள் இரண்டு எண்களையே முதன்மையாகத் தொகுத்து வந்தன. ஏற்றப்பட்ட சரக்கு எத்தனை டன் என்பது ஒன்று. வண்டிகள் எத்தனை மைல் ஓடின என்பது மற்றொன்று. முதலாவது கணக்கில் ஐந்து மைல் சென்ற ஒரு டன்னும் ஐந்நூறு மைல் சென்ற ஒரு டன்னும் ஒன்றே. இரண்டாவது கணக்கில் நிறைந்த வண்டிக்கும் வெற்று வண்டிக்கும் வேறுபாடில்லை.

எடையைத் தொலைவால் பெருக்கி வரும் டன்-மைல் என்னும் அலகையும், அதுபோலவே பயணி-மைல் என்னும் அலகையும் நிறுவனங்கள் தொகுக்க வேண்டும் என்று ஆக்வொர்த்தும் சர் ஜார்ஜ் பெய்சு என்னும் புள்ளியியலாளரும் வாதிட்டனர். பராமரிப்புச் செலவை மதிப்பிடுவதிலும் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஒரு நிறுவனம் இரண்டு சிறிய வண்டிகளுக்குப் பதிலாக ஒரு பெரிய வண்டியை ஓட்டினால் வண்டி-மைல் பாதியாகக் குறைகிறது. பாதைப் பராமரிப்புச் செலவோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. வண்டி-மைலால் வகுத்துப் பார்த்தால் பராமரிப்பு ஏறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் நிறுவனம் சிக்கனமாகவே நடந்திருக்கும். டன்-மைலால் வகுத்தால் இந்த மயக்கம் நீங்கிவிடுகிறது.

1906 இல் பிரித்தானிய அரசு இரயில்வே கணக்குகளைச் சீரமைக்க ஒரு துறைக்குழுவை அமைத்தபோது இருவரும் அதில் இடம்பெற்றனர். ஆனால் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் டன்-மைலைக் கட்டாயமாக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்களின் எதிர்ப்பே காரணம். முதலாம் உலகப்போருக்குப் பின்னர்தான் அங்கு அது நடைமுறைக்கு வந்தது. இதில் வேடிக்கை என்னவெனில், பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டன்-மைல் கணக்கு தொகுக்கப்பட்டு வந்தது.

தொழிலாளர் விபத்துகள்

1899 இல் இரயில்வே தொழிலாளர்களுக்கு நேரும் விபத்துகளை ஆராய்ந்த அரச ஆணையத்தில் ஆக்வொர்த் உறுப்பினராக இருந்தார். பெட்டிகளை இணைப்போரும், ஓடும் பாதையில் நின்று பழுதுபார்ப்போரும் பெருமளவில் உயிரிழந்து வந்த காலம் அது. ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1900 இல் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதன்கீழ் 1902 இல் வெளியான விதிகளில், பாதையில் வேலை செய்வோருக்கு வரும் வண்டியைக் குறித்து எச்சரிக்கத் தனி ஆள் நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. கணக்குப் புத்தகத்தில் இந்தக் காவல் ஆளும் பராமரிப்புச் செலவுதான். சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டப்படும் செலவும் பல நாடுகளில் அதுவே.

கனடா

1916 இல் கனடா அரசு தன் இரயில்வேக்களின் நிலையை ஆராய மூவர் ஆணையத்தை அமைத்தது. அதில் ஆக்வொர்த்தும் சர் என்றி டிரேட்டனும் ஒரு பக்கமும், அமெரிக்க இரயில்வே நிறுவனம் ஒன்றின் தலைவரான ஆல்பிரட் சுமித் மறு பக்கமுமாகப் பிரிந்தனர். கனேடியன் பசிபிக் நிறுவனத்தைத் தவிர, கடனில் மூழ்கிய ஏனைய பெரும் இரயில்வேக்களை அரசியல் தலையீடு இல்லாத ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்குமாறு 1917 இல் பெரும்பான்மை அறிக்கை பரிந்துரைத்தது. கனேடிய தேசிய இரயில்வே இதன் வழியே உருவானது.

அரசு இரயில்வேயை நடத்துவது நல்லதா என்ற கேள்வியில் ஆக்வொர்த்தின் பொதுவான கருத்து ஐயம் கலந்தது. பல நாடுகளின் அரசு இரயில்வேக்களின் வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1920 இல் வெளிவந்தது. அரசியல்வாதிகளின் கையில் இரயில்வே சிக்கினால் கட்டணமும் வேலைவாய்ப்பும் வாக்குகளுக்காகத் தீர்மானிக்கப்படும் என்பது அதன் தொனி. அதே ஆண்டில்தான் இந்தியக் குழுவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

இந்தியக் குழு, 1920–21

கிழக்கிந்திய இரயில்வேயின் நிருவாக ஒப்பந்தம் முடிவுறும் நிலையில், இனி அதை அரசே நடத்துவதா அல்லது நிறுவனத்திடமே விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இதற்கென இந்தியாவுக்கான அமைச்சர் 1920 இல் பத்துப் பேர் கொண்ட குழுவை அமைத்தார். குழுவில் மூன்று இந்தியர்கள் இருந்தனர். தஞ்சைப் பகுதியின் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, பம்பாய் வணிகர் புருசோத்தம்தாசு தாக்கூர்தாசு, கல்கத்தாவின் தொழிலதிபரும் பொறியாளருமான சர் இராசேந்திரநாத் முகர்ஜி ஆகியோரே அவர்கள்.

அன்றைய அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் குழுவின் பணி விளங்கும். ஏறத்தாழ 37,000 மைல் நீளமான இந்திய இருப்புப்பாதைகளின் பெரும்பகுதி அரசுக்கே சொந்தம். ஆனால் அவற்றுள் பலவற்றை இலண்டனில் இயக்குநர் குழுவைக் கொண்ட நிறுவனங்கள் நடத்திவந்தன. செலவுக்கான பணமோ இந்திய அரசின் பொது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது. மழை பொய்த்தாலோ, எல்லையில் போர் மூண்டாலோ, பொது நிதியில் பற்றாக்குறை வந்தாலோ முதலில் கத்தரிக்கப்பட்டது இரயில்வேக்கான ஒதுக்கீடு. ஒதுக்கிய தொகையும் மார்ச்சு 31க்குள் செலவழிக்கப்படாவிட்டால் காலாவதியாகிவிடும். இங்கிலாந்திலிருந்து தண்டவாளம் கப்பலில் வந்து சேரத் தாமதமானால் அவ்வாண்டுப் பணம் போயிற்று. அடுத்த ஆண்டு மீண்டும் கையேந்த வேண்டும்.

இதன்மேல் போர் வந்தது. 1914 முதல் 1918 வரை இங்கிலாந்தின் ஆலைகள் போர்த் தளவாடங்களைச் செய்ததால் தண்டவாளமும் பொறிகளும் இந்தியாவுக்கு வருவது அருகியது. மேலும் இந்தியாவிலிருந்தே தண்டவாளங்களும் எஞ்சின்களும் பெட்டிகளும் மெசபொத்தேமியா, கிழக்கு ஆப்பிரிக்கா போன்ற போர்முனைகளுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சிய பாதைகளின் மேல் முன்பைவிட அதிகச் சுமை ஓடியது. போரின்போது இரயில்வே ஈட்டிய உபரி புதுப்பித்தலுக்கெனச் சேமிக்கப்படாமல் பொது நிதியில் கரைந்தது. ஏட்டில் இலாபமாகத் தெரிந்ததில் ஒரு பகுதி உண்மையில் தேய்ந்துபோன இரும்பின் விலை.

கணக்கு எளிமையானது. முந்நூறு மைல் பாதையில் தண்டவாளத்தின் ஆயுள் முப்பது ஆண்டு என்று கொள்வோம். சராசரியாக ஆண்டுக்குப் பத்து மைல் மாற்றினால் போதும். ஐந்தாண்டு மாற்றாமல் விட்டால் ஐம்பது மைல் நிலுவையில் நிற்கும். இந்த ஐம்பது மைலில் உடைப்புகள் கூடும், வேகக் கட்டுப்பாடு விதிக்க வேண்டிவரும், பழுதுபார்க்கும் ஆட்கள் அங்கேயே அதிக நாட்களைச் செலவிடுவதால் மற்ற இடங்கள் கவனிப்பாரற்றுப் போகும். ஆள் அதிகம், ஓடும் வண்டி குறைவு, ஆகவே டன்-மைலுக்கான செலவு ஏறுமுகம். கடைசியில் மாற்றும்போது விலைவாசியும் ஏறியிருக்கும். போருக்குப் பிந்தைய இந்தியாவில் ஏறத்தாழ இதுவே நடந்தது. இன்றைய மென்பொருள் துறையில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு வைத்த நிரல் பின்னர் வட்டியோடு வேலை வாங்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஆக்வொர்த் குழு நாட்டின் பல பகுதிகளிலும் சாட்சியங்களைக் கேட்டு 1921 இல் அறிக்கை அளித்தது. காலத்திற்கேற்ற சுமையைத் தாங்கும் வலுவற்ற பாலங்கள், மாற்ற வேண்டிய காலம் கடந்த பல மைல் தண்டவாளங்கள், நூற்றுக்கணக்கான எஞ்சின்கள், ஆயிரக்கணக்கான சரக்குப் பெட்டிகள் ஆகியவற்றை அறிக்கை சுட்டிக்காட்டியது. குற்றத்தை இரயில்வே அதிகாரிகளின் மேல் சுமத்தாமல், ஒரு வணிக நிறுவனத்தை ஓராண்டு வரவுசெலவுக்குள் அடைத்துவைத்த நிதிமுறையின் மேல் சுமத்தியது. அறிக்கையின் மிக வலிமையான பகுதி இதுவே எனலாம்.

நிதியைப் பற்றிய பரிந்துரைகளில் குழு ஒருமனதாக இருந்தது. இரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரிக்க வேண்டும், இரயில்வே தன் கடனுக்கு வட்டியைச் செலுத்திவிட்டு மீதியைத் தன் தேவைக்கேற்பப் பயன்படுத்த வேண்டும், தேய்மானத்துக்கென முறையாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பன அவை. இரயில்வே வாரியத்தைச் சீரமைப்பது, கட்டணத் தகராறுகளைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைப்பது, பொதுமக்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்களை ஏற்படுத்துவது ஆகியவையும் பரிந்துரைக்கப்பட்டன. ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியத் தொழிலாளர்களுக்கு மேலே சுமார் 7,000 ஐரோப்பியர்கள் உயர்பதவிகளை நிரப்பியிருந்ததையும் குழு கவனித்து, இந்தியர்களுக்குப் பயிற்சியும் உயர்வும் தரப்பட வேண்டும் என்றது.

நிருவாகம் யார் கையில் என்ற கேள்வியில் குழு சரிபாதியாகப் பிளந்தது. தலைவரான ஆக்வொர்த்தும், சீனிவாச சாஸ்திரி, தாக்கூர்தாசு உள்ளிட்ட வேறு நால்வரும் அரசு நேரடியாக நடத்த வேண்டும் என்றனர். முகர்ஜி உள்ளிட்ட ஏனைய ஐவர் நிறுவனங்களுக்கும் இடம்தர வேண்டும் என்றனர். அரசு நிருவாகத்தை ஐயுற்று நூல் எழுதியவர் இந்தியாவில் அரசின் பக்கம் நின்றது பலருக்கு வியப்பளித்தது. இதில் முரண் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. சொத்து அரசுடையது, கடனும் அரசுடையது, நட்டம் வந்தால் தாங்குவதும் அரசே. சிறு பங்கு மட்டுமே வைத்துக்கொண்டு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நடத்தும் நிறுவனத்தை உண்மையான தனியார் நிறுவனம் என்று கருத முடியாது. பெயரளவில் மட்டும் தனியார், பொறுப்பில் அரசு என்ற கலப்பு முறையின் குறைகளை நேரில் பார்த்தபின் அவர் இம்முடிவுக்கு வந்தார்.

பரிந்துரைகளின் விளைவு

1922-23 தொடங்கி ஐந்தாண்டுகளில் இரயில்வே சீரமைப்புக்கென 150 கோடி ரூபாய் செலவிடும் திட்டத்துக்கு மத்திய சட்டமன்றம் இசைந்தது. 1922 இல் இரயில்வே தலைமை ஆணையராகக் கிளெமென்ட் இண்ட்லி நியமிக்கப்பட்டார். 1923 இல் நிதி ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1924 செப்டம்பர் 20 அன்று மத்திய சட்டமன்றம் இரயில்வே நிதியைப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. வணிகப் பாதைகளில் இட்ட முதலில் நூற்றுக்கு ஒரு பங்கும், உபரி இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பொது நிதிக்குச் செலுத்திவிட்டு, எஞ்சியதை இரயில்வே தன் சேமநிதியில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எஞ்சியது 3 கோடி ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குச் செல்லும். தேய்மான நிதி 1924 ஏப்ரல் 1 முதல் கணக்கில் கொள்ளப்பட்டது. 1925 இல் கிழக்கிந்திய இரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வேயும் அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தன.

தேய்மான நிதியின் நோக்கம் ஆக்வொர்த் கற்பித்த பாடத்தின் நேரடிப் பயன். சிலிப்பர் கட்டைக்கு இத்தனை ஆண்டு, தண்டவாளத்துக்கு இத்தனை ஆண்டு என ஆயுளைக் கணித்து, அவ்வாண்டு மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதற்குரிய பங்கை எடுத்துவைப்பது. பணம் மார்ச்சு 31 அன்று காலாவதியாகாது. ஆனால் இதிலும் ஒரு குறை இருந்தது. பங்கு பொருளின் பழைய கொள்முதல் விலையைக் கொண்டு கணிக்கப்பட்டது. விலைவாசி ஏறிய காலங்களில் பழைய விலைக்குச் சேர்த்த பணம் புதிய தண்டவாளத்தை வாங்கப் போதவில்லை.

1930களின் பெருமந்தம் மற்றொரு சோதனை. வருமானம் வீழ்ந்தபோது சேமநிதி வற்றியது. பொது நிதிக்கான பங்கு நின்றது. கடனுக்கான வட்டியைக் கட்டுவதற்குத் தேய்மான நிதியிலிருந்தே கடன் வாங்கினார்கள். பூட்டிய பெட்டியின் சாவி வீட்டுக்காரரிடமே இருந்தால் எத்தனை நாள் பூட்டியிருக்கும்?

தமிழகத்தில்

இன்றைய தமிழகத்தின் பெரும்பகுதியில் அப்போது மீட்டர் பாதைகளை நடத்தியது, திருச்சிராப்பள்ளியைத் தலைமையகமாகக் கொண்ட தென்னிந்திய இரயில்வே நிறுவனம். திருவதிகையை அடுத்த பண்ருட்டி வழியாகக் கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எனச் செல்லும் பாதை 1870களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் அமைத்த முதன்மைப் பாதையின் பகுதியாகும். இலகுவான தண்டவாளமும் குறுகிய அகலமும் அமைக்கும் செலவைக் குறைத்தன. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் கடலோரப் புயலும் அடிக்கும் மாவட்டத்தில் ஆண்டுதோறும் கரையைக் காப்பது, சல்லியை இட்டு நிரப்புவது ஆகிய வேலைகள் அகலப் பாதைக்கு இருப்பதைவிடக் குறைந்துவிடவில்லை.

இவ்வேலையைச் செய்தவர்கள் கேங் எனப்பட்ட சிறு குழுவினர். சில மைல் நீளத்துக்கு ஒரு குழு. ஒரு மேஸ்திரி, ஒரு கீமேன், சில ஆட்கள், கடப்பாரை, சல்லியை அடித்து இறுக்கும் பீட்டர், மண்வெட்டி. 1960களில் இந்திய இரயில்வேயில் சல்லி இறுக்கும் எந்திரங்கள் வரத் தொடங்கும் வரை, பின்னர் கான்கிரீட் சிலிப்பர்கள் பரவும் வரை, ஆள்-மைல் கணக்கு பெரிதும் மாறவில்லை.

1924க்குப் பின் கிடைத்த நிதித் தாராளத்தின் பயன் இப்பகுதியிலும் தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப் பாதை 1920களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்பாதை 1931 இல் தொடங்கியது. அதே காலத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்கூடங்களைப் பொன்மலையில் ஒருங்கிணைத்து ஆட்களைக் குறைக்க தென்னிந்திய இரயில்வே முற்பட்டதை எதிர்த்து 1928 சூலையில் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். டன்-மைலுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் ஆட்குறைப்பு ஒரு நல்ல எண்ணாக மட்டும் தோன்றும். ஆக்வொர்த்தின் நூல்கள் கூலியைப் பெரும்பாலும் செலவு என்ற தலைப்பிலேயே நோக்கின என்பது நியாயமான விமர்சனம்.

தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் நிருவாகத்தை 1944 ஏப்ரல் 1 அன்று அரசு ஏற்றது. 1951 ஏப்ரல் 14 அன்று அது தெற்கு இரயில்வேயில் இணைந்தது. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2010 இல் திறக்கப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

ஆக்வொர்த் 1921 இல் சர் பட்டமும் அடுத்த ஆண்டு இந்திய விண்மீன் பட்டமும் பெற்றார். எழுபது வயதைக் கடந்தபின்னும் ஓய்வெடுக்கவில்லை. போருக்குப் பின் நொடித்துப்போன ஆசுத்திரிய அரசு இரயில்வேயை ஆராய்ந்து 1923 இல் அறிக்கை தந்தார். 1924 இல் பிரான்சின் லெவெர்வுடன் சேர்ந்து செருமானிய இரயில்வேயை ஆராய்ந்தார். போர் இழப்பீட்டைச் செலுத்துவதற்கு அவ்விரயில்வேயை ஈடாக வைக்கும் டாசு திட்டத்துக்கு இவ்வறிக்கை உதவியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாரோ அவர் முடியிழந்து நெதர்லாந்தில் வாழ்ந்த காலம் அது. இரயில்வே பொருளியல் பாடநூலின் திருத்திய பதிப்பும் 1924 இல் வெளிவந்தது. 1925 ஏப்ரல் 2 அன்று ஆக்வொர்த் காலமானார். இந்தியாவில் நிதிப் பிரிப்புத் தீர்மானம் நிறைவேறி அப்போது ஏழு மாதங்கள்கூட முடியவில்லை.

பிற்காலம்

விடுதலைக்குப் பின்னும் தனி இரயில்வே வரவுசெலவுத் திட்டம் தொடர்ந்தது. தேய்மானச் சேமநிதிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. வருமானம் இறுகிய ஆண்டுகளில் அத்தொகை தேவையைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக்வொர்த் கண்ட நிலுவை மீண்டும் சேர்ந்தது. 2001 இல் நிலுவையில் இருந்த பாதை, பாலம், சமிக்ஞை ஆகியவற்றைப் புதுப்பிக்க 17,000 கோடி ரூபாயில் சிறப்புப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தப்பட்டது. 2017-18 இல் இதே நோக்கத்துக்காக ஐந்தாண்டுகளுக்கு ஓர் இலட்சம் கோடி ரூபாய் மதிப்பில் இராஷ்டிரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் தொடங்கப்பட்டது. அதே 2017-18 ஆம் ஆண்டு முதல் இரயில்வே வரவுசெலவுத் திட்டம் பொது வரவுசெலவுத் திட்டத்துடன் மீண்டும் இணைக்கப்பட்டது. பொது நிதிக்கு ஈவுத்தொகை செலுத்தும் கடமையும் அத்துடன் நீங்கியது. தேய்மானச் சேமநிதி தனிக் கணக்காக நீடிக்கிறது.